கமாண்டர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்

ஆர்லன் தோர்சன் தன் வாழ்நாளில் எதற்கும் முதல் தடவையிலேயே "சரி" என்று சொன்னதில்லை. காபி வேண்டுமா என்று கேட்டால் "ஐயோ, எதுக்குச் சிரமம்" என்பார். மறுபடி கேட்டால் "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்பார். மூன்றாவது தடவை கேட்டால் "சரி, அரைக் கப் போதும்" என்று சொல்லிவிட்டு இரண்டு கப் குடிப்பார். இதில் அவரை மட்டும் தனியாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், நார்வேயிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்த எங்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை, சும்மா கேட்கவில்லை என்று காட்டுவதற்கு. மூன்றாவது தடவைதான் நிஜமான கேள்வி. முதல் தடவையிலேயே கையை நீட்டுகிற ஆளைப் பற்றி, அவர் கிளம்பிப் போன பிறகு நிறைய நேரம் பேசிக்கொண்டிருப்போம்.

வாலிபத்தில் ஒரு கல்யாண வீட்டில் மார்லிஸ் அவரை நடனமாடக் கூப்பிட்டபோதும் அப்படித்தான். "எனக்குக் கால் சரியா வராது" என்றார். "பூட்ஸ்ல சேறு" என்றார். மூன்றாவது தடவை மார்லிஸ் வாயால் கேட்கவில்லை, முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். "கல்யாணத்துக்கும் நான்தான் கேட்டேன்" என்று மார்லிஸ் இன்றைக்கும் சொல்வதுண்டு. "அதுக்கும் மூணு தடவையா?" என்று யாராவது கேட்டால், "ரெண்டோட நிறுத்திக்குவேன்னு பயமுறுத்தினேன். உடனே ஒத்துக்கிட்டான்" என்பார். ஊர்க் குழுவுக்குத் தலைவராக இருக்கச் சொன்னபோது ஆர்லன் இரண்டு கூட்டத்தில் மறுத்தார், மூன்றாவது கூட்டத்தில் ஒப்புக்கொண்டார், இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். மின்னல் விழுந்து அவர் கொட்டகை எரிந்த வருஷம் அக்கம்பக்கத்துக்காரர்கள் மரமும் ஆணியும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். "எதுக்குப்பா, நானே பாத்துக்குவேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் கூரை போட்டு முடித்தார்கள். இப்படி, தன் "வேண்டாம்" என்ற சொல்லை ஒருவரும் நம்பாத ஊரில் ஐம்பத்தைந்து வயது வரை நன்றாகத்தான் வாழ்ந்தார்.

அவருக்கு ஒரே மகள், சோல்வே. சர்க்கரை பீட்ரூட் வயலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண்ணுக்குக் கடற்படையில் சேர வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் கடலைப் பார்த்ததே இல்லை. எந்திரங்கள் பிடிக்கும், பீட்ரூட் லாரியின் கியர்பெட்டியைத் தனியாகக் கழற்றி மாட்டுவாள். அதற்குக் கப்பல்தான் வேண்டுமா என்று ஆர்லன் ஒருநாள் கேட்டார்.

"இங்க எல்லாமே தெரியுதுப்பா" என்றாள். "நாளைக்கு வரப்போற காரு இன்னைக்கே ரோட்டுல தெரியுது. தெரியாத எதையாவது நான் பாக்க வேண்டாமா?"

கிழக்குக் கரையில் இருக்கும் கடற்படை அகாடமி ஒவ்வொரு ஜூன் மாதமும், பள்ளியில் கடைசி வருஷத்துக்குப் போகவிருக்கிற பிள்ளைகளை ஒரு வார முகாமுக்கு அழைத்துத் தங்க வைக்கும். விடியலில் ஓட விடுவார்கள், வகுப்பில் உட்கார வைப்பார்கள், படகில் ஏற்றுவார்கள். நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். கிடைப்பது கொஞ்சம் பேருக்குத்தான். அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அடுத்த வருஷம் அகாடமியில் சேரத் தைரியம் வந்துவிடும் என்று சொல்வார்கள். சோல்வே ஜனவரியில் முதல் நாளே விண்ணப்பித்தாள்.

அதில் தன்னைப் பற்றி எழுதும் பகுதிதான் அவளைப் படுத்தி எடுத்தது. "என் ஓட்டம் மோசமில்லை. கணக்கும் ஏதோ வரும்" என்று எழுதி வைத்திருந்தாள். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட அகாடமி ஒருவரை வைத்திருந்தது: கமாண்டர் டெல்ஃபினா ஓச்சோவா. கடற்படையில் பணி ஓய்வு பெற்றவர், டெக்சாஸ்காரர், பக்கத்து நகரமான ஃபார்கோவில் விமானப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அதைப் படித்துவிட்டு அவர் சோல்வேயை ஃபோனில் பிடித்துக்கொண்டார்.

"மாநிலப் போட்டியில மெடல் வாங்கினவ 'மோசமில்லை'ன்னு எழுதுறியே, அத நான் எப்படி எடுத்துக்கிறது? உன்னப் பத்தி நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

சோல்வே திரும்ப எழுதினாள். மார்லிஸ் அதைப் படித்துவிட்டு முகம் சிவந்து போனார். "இதை யாராவது படிச்சா நம்மளப் பத்தி என்னடி நினைப்பாங்க?"

"படிக்கத்தானேம்மா அனுப்புறோம்" என்றாள் மகள். கமாண்டரின் ஃபோன் நம்பரை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள்.

உடல்தகுதித் தேர்வில் ஒரு வினோதமான பகுதி உண்டு. முழங்காலில் நின்றுகொண்டு கூடைப்பந்தை ஒரே கையால் எவ்வளவு தூரம் எறிய முடியும் என்று பார்ப்பார்கள். வெளியே பனி இடுப்பளவு கிடந்ததால் டிராக்டர் கொட்டகைக்குள் பயிற்சி நடந்தது. ஒரு கோடியில் சோல்வே முழங்காலிட்டு எறிவாள். மறு கோடியில் ஆர்லன் சாக்கட்டியோடு நின்று, பந்து விழுந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் கோடு போடுவார். வாரத்துக்கு வாரம் கோடு அவர் பக்கமாக நகர்ந்து வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான் என்று சொன்னால் தப்பில்லை.

"பீட்ரூட் வயல்ல கப்பல் விடப் போறாளாமே உன் பொண்ணு?" என்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபிக்கு உட்கார்ந்திருந்தபோது ஓர்வில் கேட்டான். ஓர்வில் அடுத்த பண்ணைக்காரன், மார்லிஸின் அண்ணன்.

"இந்தப் பனியெல்லாம் உருகினா உன் வயல்லயே விடலாம்" என்றார் ஆர்லன். எல்லோரும் சிரித்தார்கள். மகளைப் பற்றி அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெருமைப்படலாம், அதை வெளியில் காட்டுவதுதான் எங்கள் பக்கம் ஆகாத காரியம்.

ஏப்ரலில் பதில் வந்தது. இடம் இல்லை, ஆனால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது, யாராவது விலகினால் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து சோல்வே குளிக்கும்போதுகூட செல்ஃபோனைச் சத்தம் கேட்கிற மாதிரி கதவோரம் வைத்துவிட்டுக் குளித்தாள்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அந்த வருஷம் நிலம் காயத் தாமதமாகி, எல்லோருக்கும் விதைப்பு பின்தங்கிப் போயிருந்தது. மேற்கே மறுபடி மேகம் கட்டிக்கொண்டிருந்தது. சோல்வே கடைசி வயலில் டிராக்டரில் இருந்தாள். அங்கே செல்ஃபோன் எடுக்காது. மார்லிஸ் விதை வாங்கப் போயிருந்தார். ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு ஓடலாம் என்று சமையலறைக்குள் வந்த ஆர்லன்தான் சுவர் ஃபோனை எடுத்தார்.

"மிஸ்டர் தோர்சன்? கமாண்டர் ஓச்சோவா பேசுறேன். சோல்வே செல்லுக்கு அடிச்சேன், கிடைக்கல."

"வயல்ல இருக்கா மேடம்."

"சரி, உங்ககிட்டயே சொல்றேன். நல்ல சேதி. முகாமுக்கு வர இருந்த ஒரு பையன் கால உடைச்சுக்கிட்டான். அந்த இடம் இருக்கு. இன்னைக்கே நான் பேர் சொல்லியாகணும். சோல்வே வருவாளா?"

ஆர்லனின் நெஞ்சு துள்ளியது. ஆனால் வாய் தன் பாட்டுக்கு முந்திக்கொண்டது. ஐம்பத்தைந்து வருஷமாகப் பழகின வாய்.

"அடப்பாவம், அந்தப் பையனுக்கு எப்படி இருக்கு? எங்களுக்காக நீங்க சிரமப்பட வேண்டாம் மேடம். காத்துக்கிட்டு இருக்கிற வேற பிள்ளைங்க எத்தனையோ பேர் இருப்பாங்களே. மொதல்ல அவங்களுக்குப் பாருங்க."

ஆர்லன் காத்திருந்தார். இந்த இடத்தில் கமாண்டர், "அதெல்லாம் இல்ல சார், சோல்வே வரணும்" என்று சொல்ல வேண்டும். அப்போது இவர், "இங்க விதைப்பு வேலை வேற இருக்கு" என்று இழுப்பார். மூன்றாவதாகக் கேட்கும்போது "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று முடிப்பார். எல்லாம் வாயில் தயாராக இருந்தது.

"ஓ. புரியுது சார்" என்றார் கமாண்டர். "விதைப்பு நேரம். வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி. நான் விசாரிச்சதா சோல்வேகிட்ட சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. ஆர்லன் வைக்கவில்லை. இன்னொரு தடவை கேட்பார்கள் என்று காதில் வைத்தபடியே நின்றார்.

அப்புறம் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த நம்பரை அழுத்தினார். லைன் பிஸி. மறுபடி பிஸி. மூன்றாவதாகப் போட்டபோது, பெயரும் விஷயமும் சொல்லுமாறு பதிவு எந்திரம் கேட்டது. எந்திரத்திடம் போய் என்ன கேட்பது? "ஆர்லன் தோர்சன் பேசுறேன்" என்றார். "ஒன்னும் அவசரமில்ல மேடம். உங்களுக்கு நேரம் கிடைக்கிறப்ப..." அதற்குள் பீப் அடித்துவிட்டது. அதே தப்பை அதே நாளில் இரண்டாவது தடவை செய்தார் அந்த மனுஷர்.

அவசரமில்லை என்று சொன்னதால் கமாண்டரும் அவசரப்படவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் கூப்பிட்டார். சோல்வே ஓடப் போயிருந்தாள். இடத்தை மொன்டானாவில் ஒரு பையனுக்குக் கொடுத்தாயிற்று, நேற்றே. "என்ன விஷயமா கூப்பிட்டீங்க சார்?"

"ஒன்னுமில்ல மேடம். நன்றி சொல்லத்தான்."

இதுவரை நடந்ததை, வழக்கத்தின் மேல் பழி போட்டு ஆர்லன் ஆறிவிடலாம். ஆற முடியாததற்கு வேறு காரணம் இருந்தது. அந்த ஃபோன் வைக்கப்பட்டவுடன், நம்பரைத் தேடி ஓடுவதற்கு முன்னால், ஒரே ஒரு கணம் அவருக்கு நெஞ்சில் ஈரத்துணி போட்ட மாதிரி இதமாக இருந்தது. போக மாட்டாள். ஜூனில் இங்கேதான் இருப்பாள். அடுத்த வருஷமும் ஒருவேளை. அந்த நிம்மதியை அவர் தெளிவாக உணர்ந்தார், அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. வாய் பழக்கத்தில் உளறியதா, இல்லை மனசு சொல்லிக் கொடுத்துத்தான் வாய் பேசியதா? டிராக்டரில் உட்கார்ந்து இந்தக் கேள்வியையே உழுதார்.

ஜூன் வந்தது. முகாம் தொடங்கிய காலை, சோல்வே களை எடுக்கும் எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே கிழக்கே பார்த்தாள். "இந்நேரம் முதல் ஓட்டம் முடிஞ்சிருக்கும்" என்றாள். ஆர்லன் எண்ணெய் டப்பாவை வாங்கி, தேவையில்லாமல் மூடியை இறுக்கினார்.

அவளுக்கு ஓடுவதற்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தார், கடையில் இருந்ததிலேயே நல்லது. "எதுக்குப்பா, பழசே நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இல்ல, வச்சுக்கோ." "நெஜமாவே வேண்டாம்ப்பா." "வச்சுக்கோம்மா." வாங்கிக்கொண்டாள். மூன்று தடவை கேட்க அவருக்குத் தெரிகிறது. அந்த ஷூ வாசலில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், லஞ்சம் கொடுத்தவன் மாதிரி அவருக்குக் கூசியது.

ஆனால் அவள் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடுவது குறைந்துகொண்டே வந்தது. கொட்டகையில் பந்து மூலையில் கிடந்தது. ஜூலையில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே, அகாடமிக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்று நினைப்பதாகச் சொன்னாள்.

"வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்துகூட என்னக் கூப்பிடல. அப்போ நான் அவ்வளவு ஒன்னும் இல்லன்னுதானே அர்த்தம்? ஃபார்கோவுலயே இன்ஜினியரிங் படிக்கிறேன். வார வாரம் வீட்டுக்கு வரலாம்."

வார வாரம் வீட்டுக்கு வரலாம். ஆர்லன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தொழுவத்தில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார். அவர்கள் வீட்டில் மாடு போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

மார்லிஸ் பின்னாலேயே வந்தார். வெற்றுத் தொழுவத்தில் தூணில் சாய்ந்து நின்ற புருஷனைப் பார்த்து, "என்ன செஞ்சே?" என்று கேட்டார். ஆர்லன் நடந்ததைச் சொன்னார்.

"அவகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்."

"எப்போ?"

"சமயம் பாத்து."

"ஆர்லன், கல்யாணத்துக்கே நீ இன்னும் சமயம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கே" என்றார் மார்லிஸ். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சமயம் வரவில்லை. அல்லது, தினமும் வந்தது, அவர் விட்டுவிட்டார். லாரியில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது வாயைத் திறப்பார். "இந்த வருஷம் கிழங்கு நல்லா பருத்திருக்கு" என்று வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் எழுந்து நின்று பாவங்களைச் சேர்ந்து அறிக்கையிடும்போது அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றார். கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வது அவருக்கே கேவலமாகப் பட்டது. மகள் தன்னை மட்டமாக நினைத்துக்கொண்டு கரைகிறாள். அந்த நினைப்பைப் போக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை இவரிடம் இருக்கிறது. கோழை என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதும் தெரிந்தது.

மார்லிஸ்தான் மகளை விடாமல் நச்சரித்து ஆகஸ்டில் அகாடமிக்கு விண்ணப்பிக்க வைத்தார். "கிடைக்காட்டி போகுது. எழுதிப் போடு." அவளும் அம்மாவின் தொல்லை பொறுக்காமல் எழுதிப் போட்டாள்.

விண்ணப்பித்த பிள்ளைகளை வீட்டுக்கே வந்து பார்ப்பது அகாடமியின் முறை. செப்டம்பர் கடைசியில், அறுவடை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கமாண்டர் ஓச்சோவாவின் கார் தூசி கிளப்பிக்கொண்டு வருவது மூன்று மைலுக்கு முன்பே தெரிந்தது. அந்த மூன்று மைல் நேரமும் ஆர்லனுக்கு இருந்தது. மகள் வாசலில் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். "சோல்வே" என்று கூப்பிட்டார். "என்னப்பா?" "காலர் மடிஞ்சிருக்கு" என்றார்.

"காபி குடிக்கிறீங்களா?" என்று மார்லிஸ் கேட்டார்.

"குடிக்கிறேன், தேங்க்ஸ்" என்றார் கமாண்டர்.

மார்லிஸ் ஒரு கணம் திகைத்துப் போனார். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

கமாண்டர் குட்டையான, நிமிர்ந்த பெண்மணி. நரைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். எலுமிச்சைக் கேக்கையும் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டார். பெற்றோர்களும் இருக்கட்டும் என்றார். படிப்பு, ஓட்டம், லாரி கியர்பெட்டி எல்லாவற்றையும் பற்றிக் கேட்டார். சோல்வே கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மறுபடி "மோசமில்லை" வந்துவிட்டது. ஓட்டம் மோசமில்லை, கணக்கு மோசமில்லை. கமாண்டரின் புருவம் சுருங்கியது.

"அங்க ஒரு விஷயம் ரொம்பக் கண்டிப்பு" என்றார். "பொய் சொல்லக் கூடாது. உனக்காகவும் சொல்லக் கூடாது, கூட்டாளிய காப்பாத்தவும் சொல்லக் கூடாது. சொன்னா வெளிய அனுப்பிடுவாங்க. அதனால ஒன்னு நேராவே கேக்கிறேன். மே மாசம் உனக்கு முகாம்ல இடம் வந்துச்சு. வேண்டாம்னு சொல்லிட்டீங்க. இப்போ அகாடமிக்கே விண்ணப்பிக்கிறே. ஏன் அப்போ வேண்டாம்னே?"

சோல்வே கமாண்டரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மே மாதம், ஷூ, வெற்றுத் தொழுவம் எல்லாம் ஒன்றோடொன்று சேர்வதை ஆர்லன் கண்ணால் பார்த்தார்.

அவள் முதுகு நேரானது. "அது வந்து மேடம், விதைப்பு நேரம். வீட்டுல நான் இல்லாம..."

அப்பாவைக் காப்பாற்றத்தான் பொய்யை ஆரம்பிக்கிறாள் என்று ஆர்லனுக்குப் புரிந்தது. அந்த வாக்கியம் முடிந்தால் அவள் எதற்காக ஆசைப்படுகிறாளோ அதற்கே தகுதியில்லாதவளாகிவிடுவாள், அதுவும் இவரால்.

"அவளுக்குத் தெரியாது" என்றார். குரல் பெரிதாக வந்துவிட்டது. "நான்தான் சொன்னேன். நீங்க கேட்டத அவகிட்ட நான் சொல்லவே இல்ல. இந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்குத் தெரியாது மேடம்."

கமாண்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன் சார்?"

"நீங்க மறுபடி கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"மறுபடியா?"

"இங்க மூணு தடவை கேப்போம்" என்றார் மார்லிஸ், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே. சொல்லும்போது அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

கமாண்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான் சார்" என்றார் மெதுவாக. "ஆனா அவகிட்டயே கேக்காம விட்டது என் தப்பு. அதை நான் ஒத்துக்கிறேன்." பிறகு சோல்வே பக்கம் திரும்பினார். "நீ இப்போ என்ன சொல்ல வந்தே?"

சோல்வேயின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "பொய் சொல்ல வந்தேன் மேடம்."

"சரி" என்றார் கமாண்டர். "இப்போ மொதல்ல இருந்து ஆரம்பிப்போம். எப்படி ஓடுவே நீ?"

"நல்லா ஓடுவேன்" என்றாள் சோல்வே. "மாநிலத்துலயே என்ன முந்தினவங்க ரெண்டே பேர்தான்."

கார் போன பிறகு அவள் நேராகக் கொட்டகைக்குப் போனாள். பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டது. "போ" என்று மார்லிஸ் சொன்னார். ஒரே தடவைதான் சொன்னார். ஆர்லன் போனார்.

அவள் முழங்காலில் இருந்தாள். அவரைப் பார்க்காமல் பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசம்ப்பா. நான் லாயக்கில்லன்னு நினைச்சுக்கிட்டு நாலு மாசம் இருந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஷூ வாங்கிக் குடுத்தே."

"ஆமா."

"ஃபோனை வச்சதும் உனக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டாள். "மறுபடி கேப்பாங்கன்னு நினைச்சேன்னு மட்டும் சொல்லாத. அது எனக்கும் தெரியும், நானும் இந்த ஊர்தான். நெஜமா என்ன தோணுச்சு?"

அவர் தப்பிக்க ஒரு வழியும் இருக்கவில்லை, இருந்திருந்தாலும் அன்றைக்கு அந்த வழியை எடுத்திருக்க மாட்டார். "நிம்மதியா இருந்துச்சு" என்றார். "ஒரு கணம். நீ போக மாட்டேன்னு. அப்புறம்தான் பதறினேன். அந்த ஒரு கணத்த நெனச்சுத்தான் உன்கிட்ட சொல்ல முடியல. என்ன மன்னிச்சிடும்மா."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் வரிகளைத் தடவிக்கொண்டிருந்தாள். வெளியே ஓர்வில் தன் லாரிகளை அறுவடைக்கு ஓட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது.

"இது கிடைச்சா நான் திரும்பி இந்தப் பக்கம் வந்து தங்க மாட்டேன்" என்றாள். "அது உனக்குத் தெரியணும். போகட்டுமா? நான் ஒரு தடவைதான் கேப்பேன்."

ஆர்லனின் வாய் பழக்கத்தில் திறந்தது. எதற்கு அவசரம், யோசிப்போம், அம்மாவிடம் கேட்போம் என்று எத்தனையோ சொற்கள் வரிசையில் நின்றன.

"போ" என்றார்.

சோல்வே தலையாட்டினாள். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் கிடந்த சாக்கட்டியை எடுத்து அவரிடம் உருட்டிவிட்டாள். அவர் அதை எடுத்துக்கொண்டு கொட்டகையின் மறு கோடிக்குப் போய், வசந்தத்தில் போட்ட கடைசிக் கோட்டின் மேல், அழியாமல் கொஞ்சம் மிச்சமிருந்த அந்தக் கோட்டின் மேல் நின்றார்.

"அங்க நிக்காத" என்றாள் மகள். "இன்னும் தள்ளிப் போ."

அவர் பின்னால் தள்ளிப் போனார்.